ஏழையின் கையில் என்ன இருந்தது? வியட்நாமின் சீர்திருத்தமும் வறுமைக் குறைப்பும்

1988-இன் தொடக்கத்தில் வடக்கு வியட்நாமின் பல பகுதிகளில் பஞ்சம். அரசு வெளிநாடுகளிடம் அரிசி கேட்டு நின்றது. மறு ஆண்டே, 1989-இல், அதே வியட்நாம் 10 லட்சம் டன்னுக்கும் மேல் அரிசியை ஏற்றுமதி செய்து, உலகின் முன்னணி அரிசி ஏற்றுமதி நாடுகளின் வரிசைக்கு வந்துவிட்டது. ஓராண்டுக்குள் புதிய அணையோ கால்வாயோ கட்டிவிட முடியாது. விளைநிலம் கூடவில்லை. வயலில் இறங்கியவர்களும் அதே ஆட்கள்தான். பருவமழை ஒத்துழைத்தது என்றே வைத்துக்கொண்டாலும் அது மட்டும் இத்தனை பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருக்காது.

‘பொருளாதாரச் சீர்திருத்தம்’ என்றதும் பொதுத்துறை நிறுவனங்களை விற்பது, மானியத்தை வெட்டுவது, அந்நிய முதலீட்டுக்குக் கதவைத் திறப்பது என்று ஒரு பட்டியல் நினைவுக்கு வரும். அதனால் வறுமை குறையும் என்று ஒரு சாரார் அடித்துச் சொல்வார்கள். ஏழைகள் மேலும் நசுங்குவார்கள் என்று மறுசாரார் அதே உறுதியோடு சொல்வார்கள். இரண்டும் நடந்த நாடுகள் இருக்கின்றன. ஆகவே பட்டியலைவிட முக்கியமானது வேறொரு கேள்வி என்பது என் கட்சி. சந்தை திறக்கப்பட்ட அன்று ஏழையின் கையில் விற்பதற்கு என்ன இருந்தது? அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவாக விடை சொல்லும் நாடு வியட்நாம். அதன் வழியாகவே இந்த விஷயத்தைப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எதை உற்பத்தி செய்வது, எவ்வளவு, யாருக்கு, என்ன விலைக்கு என்பதையெல்லாம் அரசின் திட்டக் குழுவே முடிவு செய்யும் அமைப்பிலிருந்து, வாங்குவோரும் விற்போரும் முடிவு செய்யும் சந்தைக்கு மாறிய நாடுகளை ‘நிலைமாறும் பொருளாதாரங்கள்’ என்கிறார்கள். பழைய சோவியத் ஒன்றியத்தின் குடியரசுகள், கிழக்கு ஐரோப்பிய நாடுகள், சீனா, வியட்நாம் ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் போலந்து, ரஷ்யா போன்றவை ஏற்கெனவே தொழில்மயமானவை. வியட்நாமோ ஏழை நாடு. போரில் சிதைந்த நாடு. உழைப்பவர்களில் 10 பேருக்கு 7 பேர் விவசாயத்தில் இருந்த நாடு.

வேலைப்புள்ளிக் கணக்கு

வட வியட்நாமில் 1950-களின் இறுதியில் நிலங்கள் கூட்டுறவுப் பண்ணைகளாக இணைக்கப்பட்டன. ஒரு கூட்டுறவில் நாள் எப்படிப் போகும் என்று பார்க்கலாம். காலையில் தண்டவாளத் துண்டோ இரும்புத் தகடோ தட்டி ஒலி எழுப்புவார்கள். உழ ஒரு குழு, நடவுக்கு ஒரு குழு, நீர் பாய்ச்ச ஒரு குழு. மாலையில் குழுத் தலைவர் நோட்டை எடுத்து ஒவ்வொருவருக்கும் வேலைப்புள்ளி எழுதுவார். அறுவடை முடிந்ததும் வரி, அரசின் கட்டாயக் கொள்முதல், விதைநெல், நிர்வாகச் செலவு எல்லாம் கழித்து, மிச்சமிருக்கும் நெல்லை மொத்தப் புள்ளிகளுக்குப் பங்கிடுவார்கள்.

களையை வேரோடு பிடுங்கினாலும் மேலாகக் கிள்ளிப் போட்டாலும் புள்ளி ஒன்றுதான். கூடுதலாக உழைத்து நூறு கிலோ அதிகம் விளைவித்தால், அது நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பிரிந்து, உழைத்தவர் வீட்டுக்கு ஒரு பிடிகூட வந்து சேராது. ‘ஒவ்வொருவரும் இருவர் அளவு உழைப்போம்’ என்பது போர்க்கால முழக்கம். கூட்டுறவுத் தலைவர் ரேடியோவும் வண்டியும் வாங்குவதற்காகத்தான் அந்த உழைப்பு என்று ஊரார் அதைக் கேலியாக நீட்டிக்கொண்டார்கள்.

மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று அதிகாரிகள் அலுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அதே ஊரில் வேறொரு காட்சியும் இருந்தது. கூட்டுறவு நிலத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தை மட்டும் குடும்பங்கள் வீட்டுத் தோட்டமாக வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அந்தத் துண்டு நிலத்தில் காய்கறி, பன்றி, கோழி, மீன்குட்டை என்று இண்டு இடுக்கு விடாமல் பயன்படுத்தினார்கள். பல குடும்பங்களின் வருமானத்தில் பாதியோ அதற்கு மேலோ அங்கிருந்து வந்தது. காலையில் கூட்டுறவு வயலில் பேருக்கு நின்றவர்தான் மாலையில் தன் தோட்டத்தில் இருட்டும்வரை மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார். பொருளாதார நூல்கள் ‘ஊக்கம்’ என்று ஓர் அத்தியாயம் முழுக்க விளக்குவதை இந்த 5 சதவீத நிலம் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது.

நகரங்களில் நிலைமை வேறுவிதம். அரிசி, இறைச்சி, துணி, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் கூப்பன். கடை திறக்கும் முன்பே வரிசை. தண்ணீர் லாரிக்காக நாம் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் போவதுபோல், ஹனோய் மக்கள் ஆளுக்கொரு செங்கல்லை வைத்து இடம் பிடித்தார்கள். அரிசி போதாமல் மரவள்ளியும் சோளமும் கலந்து சோறாக்கினார்கள். அரசு நிர்ணயித்த விலை மலிவுதான். அந்த விலையில் பொருள்தான் இல்லை.

வேலி தாண்டியவர்கள்

வியட்நாமின் சீர்திருத்தம் 1986 டிசம்பரில், ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆறாவது மாநாட்டில் ‘டோய் மோய்’ (புதுப்பித்தல்) என்ற பெயரோடு பிறந்ததாகப் பாடப்புத்தகம் சொல்லும். உண்மையில் அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1966-இல், ஹனோய்க்கு அருகிலிருந்த வின் ஃபுக் மாகாணத்தின் கட்சிச் செயலாளர் கிம் நொக், கூட்டுறவு நிலத்தைக் குடும்பங்களுக்கு ஒப்பந்தத்தில் பிரித்துவிட்டுப் பார்த்தார். விளைச்சல் கூடியது. ஆனால் 1968-இல் கட்சியின் மூத்த தலைவர் ட்ரூங் சின் அதைக் கடுமையாகக் கண்டித்தார், பரிசோதனை நிறுத்தப்பட்டது. கிம் நொக் 1979-இல் இறந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், 1986-இல் லெ சுவான் மறைந்த பிறகு சில மாதங்கள் பொதுச் செயலாளராக இருந்து சீர்திருத்தத்துக்கு வழி திறந்துவிட்டவரும் இதே ட்ரூங் சின்தான். கிம் நொக்குக்கு விருதுகள் வந்தன, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து.

தெற்கில் இன்னொரு கதை. 1970-களின் கடைசியில் ஹோ சி மின் நகரில் அரிசித் தட்டுப்பாடு. சில மணி நேரப் பயணத்தில் மேக்காங் கழிமுகம், நாட்டின் நெற்களஞ்சியம். அங்கே நெல் இருந்தது. ஆனால் அரசின் கொள்முதல் விலை சந்தை விலையில் நாலில் ஒரு பங்குகூட இல்லாததால் விவசாயிகள் விற்க மறுத்தார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் சோதனைச் சாவடி வேறு. அரிசி மூட்டையோடு பிடிபட்டால் பறிமுதல். நகரத்தின் உணவுத் துறையில் இருந்த, பா தி என்று எல்லோரும் அழைத்த நுயென் தி ராவ், கழிமுகத்துக்குப் போய் சந்தை விலை கொடுத்து நெல் வாங்கி வந்தார். இது சட்டப்படி குற்றம். நகரக் கட்சித் தலைவர் வோ வான் கியெட் அவருக்கு ஆதரவாக நின்றார்; இதற்காகச் சிறைக்குப் போனால் நானே சோறு கொண்டுவந்து தருகிறேன் என்று அவர் சொன்னதாக அங்கே இன்றும் பேசப்படுகிறது. கியெட் பிற்பாடு நாட்டின் பிரதமரானார்.

இப்படிப் பல மாகாணங்களில் சத்தமில்லாமல் நடந்ததை வியட்நாமியர் ‘வேலி தாண்டுதல்’ என்றார்கள். சீர்திருத்தம் என்பது தலைநகரில் நிபுணர்கள் கூடி எழுதும் திட்டம் என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. இங்கே கீழிருந்தவர்கள் முதலில் விதியை மீறினார்கள், மேலிருந்தவர்கள் பின்னால் வந்து அதைச் சட்டமாக்கினார்கள்.

முதல் சட்டபூர்வமான படி 1981 ஜனவரியில் வந்த ‘100-ஆம் எண் ஆணை’. நெல் சாகுபடியை எட்டு வேலைகளாகப் பிரித்தார்கள். உழவு, விதை, நீர், உரம், பூச்சி மருந்து ஆகிய ஐந்தும் கூட்டுறவின் பொறுப்பு. நடவு, பராமரிப்பு, அறுவடை மூன்றும் குடும்பத்தின் பொறுப்பு. ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் விளைந்தது குடும்பத்துக்கே. சில ஆண்டுகள் விளைச்சல் ஏறியது, பிறகு தேங்கியது. காரணம் எளிது. விளைச்சல் ஏற ஏற, கூட்டுறவு அடுத்த ஆண்டுக்கான அளவையும் ஏற்றியது. நன்றாக உழைத்தவருக்குத் தண்டனைபோல அமைந்தது அது. கூட்டுறவு உரத்தை நேரத்துக்குத் தராவிட்டால் குடும்பம் என்ன செய்யும் என்பதற்கும் ஆணையில் விடை இல்லை.

இதற்கிடையே 1985-இல் அரசு விலை, சம்பளம், நாணயம் மூன்றையும் ஒரே வீச்சில் மாற்றப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டது. பற்றாக்குறையைச் சமாளிக்க நோட்டு அச்சடித்ததில் 1986-இல் பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் நுயென் வான் லின் பொதுச் செயலாளராகி, டோய் மோய் அறிவிக்கப்பட்டதற்கு இந்த நெருக்கடிதான் பின்னணி. சித்தாந்த மனமாற்றத்தைவிட வயிற்றுப் பாடு வலுவான காரணமாக இருந்தது.

1988, 1989: இரண்டு படிகள்

1988 ஏப்ரலில் வந்த ‘10-ஆம் எண் தீர்மானம்’ கூட்டுறவை ஓரங்கட்டிக் குடும்பத்தையே விவசாயத்தின் அடிப்படை அலகாக்கியது. நிலம் ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குக் குடும்பத்தின் பொறுப்பில். என்ன பயிரிடுவது, எப்போது உழுவது, மாட்டை யார் வைத்துக்கொள்வது எல்லாம் அவர்கள் முடிவு. வடக்கில் நிலத்தைப் பிரித்தபோது, வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்துப் பிரித்தார்கள். நல்ல நிலத்திலும் மட்டமான நிலத்திலும் எல்லோருக்கும் பங்கு வேண்டும் என்பதற்காக ஒரே குடும்பத்துக்கு ஊரின் பல மூலைகளில் சிறுசிறு துண்டுகள் கிடைத்தன. பாத்தி பாத்தியாகச் சிதறிய நிலத்தில் வேலை செய்வது சிரமம்தான். ஆனால் கிட்டத்தட்ட நிலமற்றவரே இல்லாத ஊராக அது அமைந்தது. இந்த ஒரு விஷயத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு அரசு பெரும்பாலான பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டை ஏறக்குறைய ஒரே மூச்சில் நீக்கியது. டாலருக்கு அரசு விலை ஒன்று, கள்ளச் சந்தை விலை ஒன்று என்றிருந்ததைச் சேர்த்தது. வங்கி வைப்புக்கு மாதத்துக்கு 12 சதவீதம் வரை வட்டி அறிவித்தது. மாதத்துக்கு என்பதைக் கவனியுங்கள். பணத்தின் மீது நம்பிக்கை இழந்து தங்கமாகவும் அரிசியாகவும் பதுக்கியிருந்தவர்கள், பணத்தை வங்கியில் போடுவதே லாபம் என்று கண்டார்கள். பதுக்கல் வெளியே வந்தது, பணவீக்கம் விழுந்தது. செங்கல் வரிசைகளும் மறைந்தன.

இங்கே ‘விலை’ செய்யும் வேலையைப் புரிந்துகொள்வது முக்கியம். விலை என்பது ஒரு தகவல். நெல்லின் விலை ஏறினால், நெல் தேவைப்படுகிறது, கூடுதலாகப் பயிரிடு என்று விவசாயிக்கு அது செய்தி சொல்கிறது. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டு நடக்க அவருக்கு நிலம் வேண்டும், முடிவெடுக்கும் உரிமை வேண்டும், விளைந்ததைக் கொண்டுபோக வழி வேண்டும். 10-ஆம் தீர்மானம் உரிமையைத் தந்தது. 1989 விலையைத் தந்தது. ஒன்று மட்டும் வந்திருந்தால் நடந்திருக்காது என்பதற்கு 1981-இன் அரைகுறை ஆணையே சாட்சி.

1993-இன் நிலச் சட்டம் இதை இன்னும் உறுதியாக்கியது. ஆண்டுப் பயிர் நிலத்துக்கு 20 ஆண்டு, காப்பி, பழத்தோட்டம் போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு 50 ஆண்டு உரிமை. மாற்ற, கைம்மாற்ற, குத்தகைக்கு விட, வாரிசுக்குத் தர, அடமானம் வைக்க அனுமதி. நம் ஊர்ப் பட்டாவின் இடத்தில் அங்கே ‘சிவப்புப் புத்தகம்’ என்று ஒரு சான்று. அடமானம் வைக்க முடிந்ததால் வங்கிக் கடன் கிடைத்தது. மோட்டார் பம்பு வந்தது, மூன்றாம் போகம் வந்தது.

வறுமை குறைந்தது என்பதை எப்படி அளந்தார்கள்?

ஒருவர் நாளொன்றுக்கு 2,100 கலோரி உணவு பெறவும், உடை, உறைவிடம் போன்ற அத்தியாவசியங்களுக்கும் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையைக் கோடாக வைத்தார்கள். அதற்குக் கீழே செலவழிப்பவர் ஏழை. இந்தக் கோட்டின்படி 1993-இல் மக்களில் 58 சதவீதம் ஏழைகள். 1998-இல் 37 சதவீதம். 2002-இல் 29. 2008-க்குள் 15 சதவீதத்துக்கும் கீழே. 15 ஆண்டுகளில் இவ்வளவு இறக்கம் உலக வரலாற்றில் அபூர்வம்.

1993-இலும் 1998-இலும் நடந்த வாழ்க்கைத்தரக் கணக்கெடுப்புகளில் ஏறத்தாழ 4,300 குடும்பங்களை இருமுறையும் சந்தித்திருக்கிறார்கள். அதே குடும்பம் ஐந்தாண்டில் என்ன ஆனது என்று தெரிவதால், ஆய்வாளர்களுக்கு அது ஒரு சுரங்கம். அரிசி ஏற்றுமதி அளவுக் கட்டுப்பாடு தளர்ந்து, உள்நாட்டில் நெல் விலை ஏறிய காலம் அது. விலை கூடினால் குடும்பங்கள் பிள்ளைகளையும் வயலுக்கு இழுக்கும் என்று எதிர்பார்க்கலாம். நேர்மாறாக, நெல் விலை அதிகம் ஏறிய கிராமங்களில் சிறுவர் உழைப்பு அதிகம் குறைந்திருந்தது. கையில் காசு சேர்ந்ததும் பெற்றோர் முதலில் செய்தது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதுதான். நெல்லை விற்பவருக்கு இந்த விலையேற்றம் நன்மை. வாங்கிச் சாப்பிடும் நகரத்து ஏழைக்கும் நிலமில்லாத கூலிக்கும் சுமை. விற்பவர்கள் ஏழைகளில் அதிகம் பேராக இருந்ததால்தான் மொத்தக் கணக்கு சாதகமாக வந்தது.

பழைய ஆட்சிமுறைக்கும் இதில் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கூட்டுறவுக் காலத்தில் வெட்டிய கால்வாய்கள், நீரேற்று நிலையங்கள், ஊர்தோறும் பள்ளி, சுகாதார நிலையம். 1989-இல் எழுத்தறிவு 85 சதவீதத்துக்கு மேல். பிற்பாடு 2001-இல் அமெரிக்காவுடன் வர்த்தக ஒப்பந்தம் வந்து, ஆடை, காலணி ஆலைகள் பெருகியபோது, படிக்கத் தெரிந்த கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்து ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். படிப்பில்லாத நாட்டில் அதே ஆலைகள் வந்திருந்தாலும் பலன் இந்த அளவுக்குக் கிராமம்வரை போயிருக்காது.

ரஷ்யாவில் என்ன நடந்தது?

1992 ஜனவரி 2-ஆம் தேதி ரஷ்யாவும் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஓராண்டில் விலைகள் ஏறத்தாழ 26 மடங்காயின. வாழ்நாள் முழுக்கச் சேமித்த பணம் வங்கியிலேயே கரைந்தது. ரஷ்யர்களில் பெரும்பாலோர் நகரவாசிகள், மாதச் சம்பளக்காரர்கள், ஓய்வூதியர்கள். விலை ஏறினால் லாபம் பார்க்க அவர்கள் கையில் விற்பதற்கு எதுவும் இல்லை. ஆலைகள் நின்றதால் சம்பளமும் மாதக்கணக்கில் வரவில்லை.

அரசுச் சொத்தில் மக்களுக்கும் பங்கு என்று சொல்லி, அந்த ஆண்டு இறுதியில் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் அரசு நிறுவனங்களின் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய, 10,000 ரூபிள் முகமதிப்புள்ள ஒரு சொத்துச் சீட்டு கொடுத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் வியட்நாமில் நிலம் பிரித்ததுபோலவே சமமான பங்கீடு. ஆனால் நெல் வயலை என்ன செய்வது என்று விவசாயிக்குத் தெரியும். எங்கோ இருக்கும் எண்ணெய் நிறுவனத்தின் பங்கை வைத்து என்ன செய்வது என்று மளிகைக் கடைக்குப் பணம் தேடிய பாட்டிக்குத் தெரியாது. பலர் சில புட்டி வோட்காவின் விலைக்கு அதை விற்றார்கள். 1995-இல், அரசு தன் பங்குகளை அடகு வைத்து வங்கிகளிடம் கடன் வாங்கிய ‘கடனுக்குப் பங்கு’ என்ற ஏற்பாட்டில் பெரிய எண்ணெய், நிக்கல் நிறுவனங்கள் சிலர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆண்களின் சராசரி ஆயுள் 1990-இல் ஏறத்தாழ 64. 1994-இல் 58-க்கும் கீழே.

வேகமாகச் செய்ததுதான் ரஷ்யாவின் தவறு, நிதானம்தான் வியட்நாமின் வெற்றி என்று அடிக்கடி எழுதுகிறார்கள். எனக்கு அது முழுமையாகப் படவில்லை. 1989-இல் வியட்நாம் விலையைத் திறந்த வேகம் கொஞ்சமல்ல. 1990-இல் போலந்தும் கட்டுப்பாடுகளை ஒரே அடியாக நீக்கும் ‘அதிர்ச்சி வைத்தியம்’தான் செய்தது. வேலையின்மை கடுமையாக உயர்ந்தாலும் 1992-லேயே வளர்ச்சி திரும்பியது. போலந்தில் கம்யூனிச ஆட்சியிலும் விளைநிலத்தின் பெரும்பகுதி சிறு விவசாயிகளிடமே இருந்தது, ஓய்வூதிய ஏற்பாடும் தாங்கிப் பிடித்தது என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டமும் நீதிமன்றமும் எவ்வளவு வலுவாக இருந்தன என்பதும் நாட்டுக்கு நாடு வேறு.

யார் விடுபட்டார்கள்?

வியட்நாமில் எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. 1989-இலிருந்து அரசு மருத்துவமனையிலும் பள்ளியிலும் கட்டணம் வந்தது. கூட்டுறவு கலைந்தபோது அது நடத்திய ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் பணமில்லாமல் போனது. ஒரு பெரிய நோய் வந்தால் மாட்டையோ நிலத்தையோ விற்க வேண்டிய நிலை. சந்தையின் விலை மேலேயே போகும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. மத்திய மேட்டுநிலத்தில் டக் லக் முதலிய மாகாணங்களில் காப்பி பெருகி, வியட்நாம் பிரேசிலுக்கு அடுத்த உற்பத்தியாளரானது. 2001-இல் உலக விலை சரிந்தபோது கடன் வாங்கிச் செடி வைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த மேட்டுநிலத்தில் காலங்காலமாக வாழ்ந்த சிறுபான்மை இனத்தவருக்கு அடி இரட்டிப்பு. சமவெளியிலிருந்து குடியேறியவர்கள் காப்பிக்காக நிலம் பிடித்தார்கள். மலை மக்களின் மாறிமாறிப் பயிரிடும் நிலத்துக்குப் பெரும்பாலும் எந்தக் காகிதமும் கிடையாது. நாட்டில் 54 இனங்கள். பெரும்பான்மையான கின் இனத்தவரும் ஹோவா எனப்படும் சீன வம்சாவளியினரும் தவிர மற்றவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 சதவீதம்தான். ஆனால் 2010-இல் ஏழைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் அவர்கள். 1998-இல் இந்தப் பங்கு 30 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்கள் வெளியேற வெளியேற, வறுமை மலையில் தங்கிவிட்டது. அங்கே நெல் விலை ஏறியதால் பயனில்லை; விற்கும் அளவுக்கு நெல்லும் இல்லை, சந்தைக்குச் சாலையும் இல்லை, பள்ளியில் பேசும் மொழியும் வீட்டு மொழி இல்லை.

நிலப் பிரச்சினையும் முடியவில்லை. சட்டப்படி வியட்நாமில் நிலம் இன்றும் மக்கள் அனைவருக்கும் பொது, நிர்வகிப்பது அரசு. குடும்பத்திடம் இருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. 1993-இல் தந்த 20 ஆண்டு 2013-இல் முடிந்தபோது, என்ன ஆகுமோ என்ற பதற்றம் பரவியது. அந்த ஆண்டின் புதிய சட்டம் ஆண்டுப் பயிர் நிலத்துக்கும் உரிமையை 50 ஆண்டாக நீட்டியது. ஆனால் தொழிற்பேட்டைக்கோ குடியிருப்புத் திட்டத்துக்கோ நிலம் வேண்டுமென்றால் அரசு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். இழப்பீடு விவசாய நில விலையில் கணக்கிடப்படுகிறது. அதே நிலம் மனையானதும் விலை பல மடங்கு. அந்த வித்தியாசம் யாருக்குப் போக வேண்டும் என்ற தகராறு ஹனோய், ஹோ சி மின் நகர்ப் புறங்களில் இன்னும் ஓயவில்லை.